இரட்டித்த சொல்

மார்ச் 3
சாவியைத் தேடி முக்கால் மணி நேரம் போனது. சட்டைப்பையிலேயே இருந்தது. இதற்கெல்லாம் பயப்படுவேனா என்று எழுத உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருக்கிறது. அண்ணனுக்கும் என்னைப் போல அறுபத்தொன்பதில்தான் மறதி தொடங்கியது. நான் பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' என்றே கூப்பிட்டவர், கடைசி வருடம் என்னைப் பார்த்து, "உக்காருங்க. நீங்க யாரு?" என்றார். அந்த மரியாதையை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். புத்தி போனால் அப்புறம் என்ன மிச்சம்?

மார்ச் 9
மகள் விடவில்லை, டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். முகக்கவசம் போட்டிருந்தார். ஐந்து சொற்கள் சொன்னார், பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாலம், ஊதா, மூக்கு, பத்தி, வரி. கடகடவென்று சொன்னேன். இரண்டு தப்பாம். அவர் சொன்னது கத்தியும் நரியுமாம்.

"நீங்க பத்தி, வரின்னுதாம்மா சொன்னீங்க" என்று சண்டைக்கே போய்விட்டேன். மகள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். டாக்டரம்மா எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். ஏதோ சொன்னாராம். நான் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, முதல்ல காதைப் பாப்போம். மறதியைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

மார்ச் 10
சோதித்ததில் காது மந்தம்தான். காது சரியாகக் கேட்காவிட்டால் மூளை பாதிப் பேச்சை ஊகித்தே களைத்துப்போகுமாம். ஆட்களோடு பேசுவதும் குறைந்துவிடுமாம். அது மறதிக்கு ஒரு வாசல் என்றார் டாக்டரம்மா. இரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. உப்பைக் குறைக்கணும், தினமும் நடக்கணும்.

"நான் தினமும் குறுக்கெழுத்து போடறேனே?"

"அது உங்களுக்குத் தெரிஞ்ச வேலைங்க. தெரியாத ஒண்ணைக் கத்துக்குங்க."

எனக்குத் தெரியாதது சமையல்தான். வீட்டில் மனைவியிடம் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு! "காதுதான் போச்சுன்னு நெனச்சேன்…" என்றாள். மீதியைச் சொல்லவில்லை.

மார்ச் 22
காதுக்கருவி வந்துவிட்டது. மின்விசிறி இத்தனை நாளும் இப்படியா கத்திக்கொண்டிருந்தது? அவள் செருப்புச் சத்தம் மாடிப்படியில் தனியாகக் கேட்கிறது. ஏழெட்டு வருடமாக அவள் எதையும் இரண்டு முறை சொல்வாள். நானோ, ஏன் முணுமுணுக்கிறாய் என்று எரிந்து விழுவேன். தப்பு என் பக்கம். மன்னிப்புக் கேட்டேன். "போதும், போய்க் காயை நறுக்குங்க" என்றாள்.

ஏப்ரல் 5
நடை: இருபது நிமிடம். ஒரு நாய் துரத்தியதால் பன்னிரண்டிலேயே முடிந்தது.

ஏப்ரல் 19
உருளைக்கிழங்குக்கு நான் உப்புப் போட்டேன். அவள் வந்து போட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போட்டாள்.

"நான்தான் போட்டாச்சுன்னு சொன்னேனே?"

"எப்ப சொன்னீங்க?"

உனக்கும் ஒரு கருவி வாங்கிவிடலாம் என்று கிண்டல் செய்தேன். டாக்டரம்மா இந்த உருளைக்கிழங்கைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

மே 11
அழுத்தம் இறங்கியிருக்கிறது. நடக்கும் வழியில் தையல்கடைக்காரரோடு தினமும் கால் மணி நேரம் அரட்டை. அவருக்கு நான் பேசுவது பிடித்திருக்கிறதா, தெரியவில்லை. இன்னும் துரத்தவில்லை.

அவள் இப்போதும் எதையும் இரண்டு முறைதான் சொல்கிறாள். "எனக்கு மொத தடவையே கேட்டுடுச்சு" என்றேன். "பழகிடுச்சு" என்றாள். அச்சகத்தில் ஒரு சொல் இரட்டித்து வந்தால் ஒன்றை அடித்துவிடுவேன். இவளை என்ன செய்வது?

மே 24
ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள் என்று அவள் காலையில் சொன்னாள். மதியம் சொன்னாள். துணி மடிக்கும்போது மறுபடியும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி, அதே சந்தோஷம்.

ஐயோ. எனக்குக் கேக்கலைன்னுதான் அவ திருப்பிச் சொல்றாள்னு நெனச்சேன். சொன்னதையே மறந்துட்டு சொல்லியிருக்கா. உப்பும் அப்படித்தான். எத்தனை நாளா? என் செவிட்டுக் காதுக்குப் பின்னாடி அவ மறதி ஒளிஞ்சிருந்திருக்கு. நான் என்னையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். பிழை திருத்துறவனாம்!

ஜூன் 2
டாக்டரம்மாவிடம் நான் உட்கார்ந்த நாற்காலியில் இன்று அவள். காது கூர்மை. ஐந்தில் மூன்று சொன்னாள்.

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. வராமலே தடுத்துடலாம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா தள்ளிப்போட நிறைய செய்யலாம்" என்றார் டாக்டரம்மா. அதே நடை, அதே உப்பு, பேச்சுத்துணை, புதிதாக ஒரு வேலை. அவள் என்னிடம் எழுத்துக்கோக்கும் வேலையைக் கேட்டாள். பழைய அச்சு எழுத்துப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவேண்டும்.

திரும்பும் வழியில் பேருந்தில் கேட்டாள்: "ஒருநாள் உங்களையே நீங்க யாருன்னு கேட்டுடுவேனா?"

"நீ எப்பவும் என்னை நீங்க, வாங்கன்னுதானே கூப்புடுற? எனக்கு வித்தியாசமே தெரியாது."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இறங்கும்வரை என் கையை விடவில்லை.

ஜூலை 30
எழுத்துக்கோப்பதில் அவள் கை வேகம். ஆனால் 'ண'வும் 'ன'வும் தகராறு. மறதி இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தானாம்.

செப்டம்பர் 14
மறுபரிசோதனை. எனக்கு ஐந்துக்கு ஐந்து. துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. அவளுக்கு மறுபடி மூன்று. "குறையலை, அதுவே நல்ல செய்தி" என்றார் டாக்டரம்மா. அடுத்தது மார்ச்சில்.

சாயங்காலம் நடக்கப் போனோம். வாசலைத் தாண்டும்போது, "ஞாயித்துக்கிழமை மகள் வரா" என்றாள். தையல்கடைத் திருப்பத்தில் மறுபடியும், "உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன், ஞாயித்துக்கிழமை மகள் வரா" என்றாள்.

"அப்படியா! எத்தனை மணிக்கு?" என்றேன். வீடு வரும்வரை விவரமாகச் சொன்னாள்.

அச்சகத்தில், தவறாகக் கோடு போட்டு அடித்துவிட்ட சொல்லைக் காப்பாற்ற அதன் கீழே புள்ளிகள் வைப்போம். ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதுவோம். இன்றைக்கு அதைத்தான் எழுதத் தோன்றுகிறது: இருக்கட்டும்.