இடது மணிக்கட்டில் ஒரு நீலக் கோடு

என் அன்புள்ள வாத்துக்கு,

நலம். நீயும் உன் முழங்காலும் சமாதானமாகிவிட்டீர்களா? உன் போன கடிதத்தில் எழுத்துகள் வரியை விட்டு மேலே பறந்திருந்தன. நம் பள்ளிக்கூடத்து சிஸ்டர் பார்த்திருந்தால் முழுவதையும் மறுபடி எழுத வைத்திருப்பார். நான் மன்னித்துவிட்டேன்.

எதிர் மாடிக்கு ஒருவர் குடிவந்திருக்கிறார். மாலையானால் பியானோ வாசிக்கிறார். பாட்டின் முதல் பாதிதான் அவருக்கு வருகிறது போலும். அதோடு நிறுத்தி ஜன்னலைச் சாத்திவிடுகிறார். மீதிப் பாதியை நான் தூக்கத்தில் கேட்டு முடித்துக்கொள்கிறேன். காலையில் அது எப்படி முடிந்தது என்பது மட்டும் நினைவில் இருப்பதில்லை.

இப்போது நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். நான் பச்சை குத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

சிரித்து முடித்தாயா? நீ சிரிப்பதற்கு நியாயம் உண்டு. காலை மணி அடித்ததும் வரிசையில் நின்று கையை நீட்டினோமே, நினைவிருக்கிறதா? விரலில் மை இருந்தால் சிஸ்டர் கல்லைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்வார். மை தாளுக்கு, தோலுக்கு அல்ல என்பார். உன் கை எப்போதும் நீலம், என் கை எப்போதும் வெள்ளை, என் கோடு எப்போதும் நேர். அதனால்தானே எனக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்தாய்.

நான் கேட்பது பூவோ பறவையோ இல்லை. ஒரே ஒரு கோடு. என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர் என்பது உனக்குத் தெரியும். முன்னறையில் வெட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் அளவுகளை வாசிப்பேன், அவர் நீலச் சாக்குக்கட்டியால் துணியில் குறி போடுவார். உனக்கு நான் சொல்லாதது இது: சாக்குக்கட்டியின் ஓரத்தை பிளேடால் சீவிய பிறகு, கூர்மை சரியா என்று துணியில் போட்டுப் பார்க்க மாட்டார். மேசைமேல் ஊன்றியிருக்கும் என் இடது மணிக்கட்டில் ஒரு இழுப்பு இழுப்பார். நீலக் கோடு. தினமும். “என்னங்க, மறுபடியுமா? என் கை என்ன உங்க கரும்பலகையா?” என்பேன். “சரி சரி, இனிமே இல்ல” என்பார். நான் போய்க் கழுவிவிட்டு வருவேன். மறுநாள் மறுபடியும்.

அவர் போன பிறகுதான் உறைக்கிறது: அத்தனை கோடுகளையும் நானேதான் கழுவினேன், வாத்து.

நரம்பு டாக்டர் என் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். “என் மூளையைப் பத்தி என்கிட்டயே சொல்லுங்க. அது இன்னும் வீட்டை விட்டுப் போகல” என்றேன். பாவம், வெலவெலத்துப்போனார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போகுமாம். புதியது முதலில், பழையது பிறகு. என் வீட்டுக்காரரோடு நான் நின்ற அந்த வெட்டும் மேசை எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டேன். டாக்டர் மறுபடி படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பச்சை குத்தும் கடைக்குத் தனியாகவே போனேன். கழுத்து முழுக்கக் கொடி படர்ந்த ஒரு பெண். கடை படு சுத்தம். மேசையை விரலால் தடவிப் பார்த்தேன். “ஆன்ட்டி, நான் பாஸா?” என்று கேட்டாள். நல்ல வாய். பச்சை குத்த வந்துவிட்டு நீலம் கேட்கிறீர்களே என்று அதற்கும் ஒரு சிரிப்பு. ஆனால் முதல் நாளே யாருக்கும் ஊசி எடுக்க மாட்டாளாம். “வீட்டுக்குப் போயி பேனாவால போட்டுப் பாருங்க. அதோட குளிங்க, தூங்குங்க. எரிச்சலா இருந்தா என்கிட்ட வராதீங்க” என்றாள்.

மகனுக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவன் கவலைப்பட்டிருந்தால் ஒரே அதட்டில் அடக்கியிருப்பேன். அவன் கேட்டது வேறு. “ஒரு நாள் அது என்னன்னே தெரியாம நீங்க பயந்துட்டா? அழிக்கவும் முடியாதேம்மா” என்றான். பயத்தை நானே என் கையில் குத்தி வைத்துக்கொள்ளலாமா?

நீ சொல்.

என்றும் உன்,
ஸ்கேல்

*

என் அன்புள்ள வாத்துக்கு,

உன் பதில் கிடைத்தது. “குத்திக்கோடி, ஆனா கோடு நேரா இல்லைன்னு அந்தப் பொண்ணு உயிரை எடுக்காதே” என்று எழுதியிருந்தாய். உன்னைப் போல் என்னை அறிந்தவர் இல்லை. நான் முதலில் செய்ததே அதுதான்: ஸ்கேல் வைத்து, நீலப் பேனாவால், நானே கோடு போட்டேன். நோட்டுப் புத்தகத்தின் ஓரக்கோடு மாதிரி இருந்தது. இழுத்து இழுத்துப் பார்த்தேன். கை என்னுடையது, கோடும் என்னுடையதாகவே இருந்தது. அவரைக் காணோம்.

நான் பத்தாவது முறை அழிப்பதைப் பார்த்து மகனுக்குப் பொறுமை போய்விட்டது. “குடுங்கம்மா இங்க” என்று பேனாவைப் பிடுங்கி, சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கோபத்தோடு ஒரு இழுப்பு இழுத்தான். அவனும் அப்பாவைப் போல இடக்கைக்காரன். எதிரிலிருந்து வந்த கோடு. என்னை விட்டுச் சற்றே சாய்ந்து, முடிவில் மெலிந்து போயிற்று. அவர் போடும் அதே கோடு; நான் அதையே பார்த்தேன். அவனும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து நடந்தது பாதி என் நினைவு, பாதி மகன் சொல்லித் தெரிந்தது. மறுநாள் மதியம் தூங்கி எழுந்தேன். அறை முழுக்க மெல்லிய நீல வெளிச்சம். திரையா, வானமா தெரியவில்லை. சூடான இஸ்திரிப் பெட்டி ஈரத்துணியில் படும் வாசனை. எங்கோ யாரோ பியானோ வாசித்தார்கள். எந்த வீடு, எந்த வயது, ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லையே என்பதும் தெரியவில்லை; தண்ணீருக்குள் நடப்பது போல இதமாக இருந்தது. கையைப் பார்த்தேன். கோடு. உடனே கோபம் வந்ததாம். குழாயைத் திறந்து தேய்த்தபடியே, “என்னங்க, மறுபடியுமா?” என்று வீடு அதிரக் கத்தினேனாம்.

அடுத்த அறையிலிருந்து பதில் வந்தது. அது எனக்கே நன்றாக நினைவிருக்கிறது. “சரி சரி, இனிமே இல்ல.”

நான் குழாயை மூடிவிட்டு, மனம் நிறைந்து, மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன்.

மாலையில் தெளிந்தபோது மகன் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. “நீங்க பயப்படலம்மா. அப்பாவைத் திட்டினீங்க” என்றான். பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே, “நல்லா திட்டினீங்க” என்றான். பாதி அழிந்திருந்த கோட்டின் மேல், நான் கேட்காமலேயே, பேனாவால் மறுபடி இழுத்தான்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போகிறோம். அவன் அங்கே புதிதாக ஒரு கோடு போடுவான், அந்தப் பெண் அதன் மேலேயே ஊசி ஓட்டுவாள். நேராக இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இங்கே வேறு செய்தி: எதிர் மாடிக்கு ஒருவர் குடிவந்திருக்கிறார். மாலையானால் பியானோ வாசிக்கிறார், பாட்டின் முதல் பாதி மட்டும்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நாள் என் கடிதத்தில், இந்த மனுஷர் மறுபடியும் என் கையில் கோடு போட்டுவிட்டார், எவ்வளவு தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டு எழுதியிருந்தால், நீ என்னைத் திருத்தாதே. என் எழுத்துப் பிழைகளை வேண்டுமானால் திருத்து. அதற்கு உனக்கு ஆயுள் முழுக்க உரிமை உண்டு. அவரை நன்றாகத் திட்டு, கோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுது. உன் எழுத்து வரியை விட்டுப் பறந்தாலும் பரவாயில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள். நன்றாக இரு. எனக்கு முன்னால் எதையும் மறந்துவிடாதே.

என்றும் உன்,
ஸ்கேல்