ஞாபகம் இல்லை என்று சொன்ன செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வாலுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ‘அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில் என் பிள்ளையோடு இருந்தாள்’ என்ற ஒரே ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் விட்டேன். அதை முதலில் எழுதி வைத்தால்தான் மற்றதை எழுதக் கை வரும் போலிருக்கிறது. நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என் காதில் விழும்படி முனகுகிறார். துணி துவைக்கும் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் நகர்ந்து நகர்ந்து சமையலறை வாசல் வரை வந்து நிற்கிறது, மெக்கானிக் வந்து பார்த்து அதற்குக் கால் சரியில்லை என்றார், அப்பா எனக்கும்தான் என்றார். உன் அலமாரியில் புத்தகங்களைத் துடைத்து அடுக்கினேன், நான் வாங்கித் தந்தவை பின்வரிசையிலும் சித்தி தந்தவை முன்வரிசையிலும் இருந்தன, அப்படியே வைத்திருக்கிறேன்.

சித்தி விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். உனக்கு வேலை கிடைத்த செய்தியே எனக்கு அவள் வாயால்தானே வந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலியாகிறது, வக்கீல்களிலிருந்து நேரடியாக ஒருவரை எடுக்கலாம் என்று பேச்சு, அந்தப் பேச்சில் அவள் பெயர். இது பரீட்சை எழுதி வாங்கும் பதவியும் இல்லை, விண்ணப்பம் போட்டு வாங்குவதும் இல்லை. மூத்த நீதிபதிகள் ஐந்து பேர் கதவைச் சாத்திக்கொண்டு பெயர்களைப் பேசுவார்கள், பிடித்த பெயருக்கு உரியவரிடம் சம்மதக் கடிதம் வாங்குவார்கள், அரசாங்கம் தன் பங்குக்கு ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பிக் கூட வேலை செய்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரையும் கேட்கும், கடைசியில் ஒரு நாள் பட்டியல் வரும். வந்தவர் ஏன் வந்தார், வராதவர் ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் அவளைவிட எட்டு மாதம் முன்னால் வக்கீலாகப் பதிவு செய்தவள். அந்த எட்டு மாதத்துக்காகத்தான் இருபத்தைந்து வருஷமாக என்னை அக்கா என்கிறாள். ஆபீஸில் ஒரே அறை, ஒரே பீரோ, ஆனால் ஜன்னலோர மேசை அவளுடையது, சீட்டுப் போட்டுப் பார்த்ததில் அவளுக்கு விழுந்தது. அன்றிலிருந்து எல்லாமே அவளுக்குத்தான் விழுகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். நம் குமாஸ்தா போன வாரமே அவளை ‘ஜட்ஜம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார், என்னைப் பார்த்து, ‘உங்களுக்கும் வரும்மா, ஒரு ஆள் போனாத்தானே வரிசை நகரும்’ என்றார். ஆறுதல் சொல்கிறாராம். அப்பா ஒருபடி மேலே போய், ‘அவ உச்ச நீதிமன்றம் போனா நமக்குத்தானே பெருமை’ என்று சொல்லி இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார். நான் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

சம்மதக் கடிதத்தோடு கொடுக்க வேண்டிய படிவத்தை அவள் என்னிடம்தான் தந்து, பிழை பார்த்துக் கொடு அக்கா என்றாள். அதில் ஓர் இடத்தில், தன் மேல் வந்த புகார்களும் விளக்கமும் என்று கேட்டிருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பாத்திரக்கடைக்காரர் வக்கீல் சங்கத்துக்கு எழுதிய புகார்: வாய்தா அன்று வக்கீலம்மா வரவே இல்லை, கடையைக் காலி செய்யச் சொன்னவர் மேல் போட்ட வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. அதற்கு எதிரே ‘சொந்தக் காரணம்’ என்று இரண்டே சொல் எழுதியிருந்தாள். இவ்வளவு போதுமா என்று கேட்டேன். ‘போதும். உன் பிள்ளையை எதுக்கு அவங்க ஃபைல்ல ஏத்தணும்? கேட்டா நீதான் இருக்கியே, சொல்லப்போறே’ என்றாள். நான் ஒரு காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன்.

அன்றைக்கு உனக்கு நான்கு வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அறைக்குத் தூக்கி வந்திருந்தேன், பத்தரை மணிக்கு உனக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. பதினொன்றுக்கு நான் தனியாக வாதாடும் முதல் பெரிய வழக்கு. அவள் உன்னை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு, ‘நீ போ. அப்புறம் வந்து அழுதுக்கலாம்’ என்றாள். நான் போனேன், வாலு. போய் ஜெயித்தேன். இன்று என் பெயருக்கு இருக்கும் மதிப்பெல்லாம் அந்த வழக்கில் ஆரம்பித்தது. மத்தியானம் அவளுடைய வழக்கை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளுபடி செய்தார்கள், அவள் அப்போது உன் கட்டில் பக்கத்தில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்தில் அந்த வழக்கை அவளே மறுபடி எடுக்க வைத்து நடத்தியும் கொடுத்துவிட்டாள், ஆனால் புகார்க் காகிதம் மட்டும் சங்கத்தில் தங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். தணிந்த குரல்காரர், டீயைக்கூட ஆறவைத்துத்தான் குடித்தார். அவள் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் நல்லதாகத்தான் சொன்னேன், திறமைசாலி, நேர்மையானவள், யாரிடமும் கை நீட்டாதவள். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து, ‘நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம் மேடம். அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?’ என்றார். அவர் தலைக்கு நேர் பின்னால் என் வழக்கு டயரிகள் வரிசையாக இருந்தன, அந்த வருஷத்து டயரியின் பச்சை முதுகு என் கண்ணில் பட்டது. வழக்கு மட்டுமில்லை, மழை பெய்ததைக்கூடத் தேதி போட்டு எழுதுகிறவள் நான். ‘இருபது வருஷம் ஆச்சு சார், ஞாபகம் இல்லை’ என்றேன். அவர் ‘சரி, அப்படியே எழுதிக்கறேன்’ என்று எழுதிக்கொண்டு மிச்ச டீயைக் குடித்தார்.

அவளுக்கு வேண்டாதவர் யாராவது சொல்லியிருந்தால் அது ஒன்றுமில்லை. நம் பக்கத்துச் சாட்சி கூண்டில் நின்று ஞாபகம் இல்லை என்றால் எதிரிச் சாட்சியைவிடக் கெடுதல் என்று ஜூனியர்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தெரிந்துதான் செய்தேன். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. அவள் போகிற இடத்துக்கு நான் போகமாட்டேன் என்பதும், நீ சந்தோஷம் வந்தாலும் சங்கடம் வந்தாலும் முதலில் அவளைக் கூப்பிடுகிறாய் என்பதும் சேர்ந்து ‘ஞாபகம் இல்லை’ என்ற இரண்டு சொல்லாக வெளியே வந்தது. வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, பொறாமைதான்.

சனிக்கிழமை அந்த டயரியை எடுத்துப் பிரித்தேன். அந்தத் தேதியில் என் வழக்கு ஜெயித்ததை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன், உன்னைப் பற்றி ஒரு வரி, அவளைப் பற்றி ஒன்றுமில்லை. பக்கத்துக்கு நடுவே ஆஸ்பத்திரிச் சீட்டு மடித்து வைத்திருந்தது. உடன் இருந்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து, உறவு என்ற இடத்தில் ‘சித்தி’ என்று அவள் கைப்பட. நீ அவளைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்கும் அப்புறம்தான். உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு நடந்ததை எழுதி, ஞாபகம் இல்லை என்று நான் சொன்னது பொய் என்றும் எழுதி, சீட்டின் நகலை வைத்து, இன்று திங்கட்கிழமை அந்த அலுவலகத்தில் நேரிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பெண், ‘ஃபைல் வெள்ளிக்கிழமையே மேல போயிடுச்சே மேடம். பின்னாடியே அனுப்பறோம்’ என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தாள். அது போய்ச் சேருமா என்று அவளுக்கும் தெரியாது.

சித்தியிடம் நீ இதைச் சொல்லாதே, நான்தான் சொல்லவேண்டும், பட்டியல் எப்படி வந்தாலும் சொல்வேன். உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அவளை நீ முதலில் கூப்பிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது உனக்கே தெரியாது, தெரியட்டும் என்றுதான். குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், காதை மூடாமல் வெளியே போகாதே, பல்லைப் போய்க் காட்டு, தள்ளிப் போடாதே. எங்கே இருந்தாலும் நிறைவாக இரு, உன்னிடம் ஒரு கேள்வி வந்து நிற்கும்போது உண்மை உன் நாக்கில் தயாராக இருக்கட்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி, அவர் தூங்குகிறார்.

உன் அம்மா.

பி.கு. கடிதத்தை உடனே போடவில்லை, இன்று அதற்கு அடுத்த வாரத்துச் சனிக்கிழமை. புதன்கிழமை பட்டியல் வந்தது, அவள் பெயர் இல்லை. வியாழக்கிழமை அவள் வழக்கம்போல ஒன்பதரைக்கு வந்து கோட்டை மாட்டினாள், நான் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள், ‘சரிக்கா’ என்றாள், கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். இன்று காலை இரண்டு ஆட்கள் வந்து அவள் மேசையை மூன்றாம் மாடியில் வேறு அறைக்குத் தூக்கிப் போனார்கள். ஜன்னலோர இடம் காலியாக இருக்கிறது.