பதினேழாவது கேன்

2022 யூன் 27, திங்கள்
பெற்றோல் செட்டில் இன்று ஒருவரின் பல்லை உடைத்துவிட்டார்கள். வரிசைக்கு இடையில் புகுந்தாராம், தலைக்கவசத்தால் அடி. நான் போனபோது இரத்தத்தின் மேல் மணல் போட்டிருந்தது. அப்பா அங்கே மூன்றாம் நாளாக நிற்கிறார். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் தோணி பத்து நாளாக வாவிக்கரையில் கிடக்கிறது.

பாடசாலை மூடியிருந்தாலும் றபீக்கா ரீச்சர் கட்டுரைத் தலைப்பு அனுப்பியிருக்கிறார்: நாடு எண்ணெய்யில் தங்கியிருப்பதைக் குறைக்கும் கொள்கை. முதல் வரி எழுதிவிட்டேன். ‘எண்ணெய்யைக் குறைத்தவருக்கே அரசு முதலில் உதவ வேண்டும்.’

யூன் 28
கேன்களின் கைப்பிடிகளுக்கூடாக ஒரே கயிறு கோத்திருக்கிறார்கள். ஆட்கள் மரநிழலில், வரிசையில் நிற்பது கேன்கள்தான். என் கையெழுத்து அழகு என்று பெயர்ப்பட்டியலை என்னிடம் தந்தார்கள். நாற்பத்தொரு பெயர். பெருமையாகத்தான் இருந்தது. பதினேழு, எங்கள் கரைத் தோணிக்காரர் நல்லரத்தினம் மாமா. பதினெட்டு, அப்பா.

யூன் 30
நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மண்ணெண்ணெய் பவுசர் வந்தது. எஞ்சின் தோணிக்காரருக்கு மட்டும்தான், அதுவும் பதினேழு பேருக்குத்தான் காணும் என்றார்கள். நான் பட்டியலைப் பார்த்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன்: “நல்லரத்தினம் மாமா எஞ்சின மாசியிலயே வித்துட்டார். இப்ப துடுப்புத்தான் போடுறார்.”

பேனையால் அவர் பெயரை வெட்டினேன்.

மாமா மறுக்கவில்லை. “ஓம் புள்ள, வித்தனான்தான். வீட்ட கேஸ் இல்ல. அடுப்புக்கு ரெண்டு லீற்றர் தந்தாக் காணும்.”

கள்ளன் என்று யாரோ கத்தினார்கள். கயிற்றை அறுத்து அவருடைய கேனை உதைத்தார்கள். அவர் அதை எடுத்துவந்து மறுபடியும் அப்பாவின் கேனுக்கு முன்னால் வைத்தார். முதல் அடி முதுகில் விழுந்தது. விழுந்த பிறகு காலால். பிறகு அப்பா — என்னுடைய அப்பா — இரும்பு வாளியால் அவர் முகத்தில் அடித்தார். இரண்டு தரம். காய்ந்த மட்டை முறிகிற சத்தம்.

அவரைத் தாண்டித் தாண்டி வரிசை நகர்ந்தது. அப்பாவுக்கு மண்ணெண்ணெய் கிடைத்தது.

யூலை 1
மாமாவுக்கு இடது கண் போய்விட்டது. நெரிசலில் விழுந்தார் என்று வரிசையில் நின்ற எல்லாரும் பொலிசுக்குச் சொல்லிவிட்டார்களாம்.

அம்மா சொன்னார்: “அந்தத் தாளக் கிழிச்சி எரி. மறுகா இதப்பத்திக் கதைக்காத.”

எங்கள் கரையில் எண்ணெய்யைக் கைவிட்டவர் அவர் ஒருவர்தான். என் முதல் வரியில் இருப்பவரே அவர். பிறகு ஏன் சொன்னேன்? எஞ்சின் தோணிக்கு மட்டும் என்பது விதி என்றபடியாலா? இல்லாவிட்டால், அடுத்த பெயர் அப்பா என்றபடியாலா?

யூலை 2
கிழிக்கவில்லை. கட்டுரையும் அனுப்பவில்லை.

யூலை 4
பொலிசுக்குப் போனேன். பட்டியலைக் கொடுத்தேன். பெயரை வெட்டியது நான் என்று சொன்னேன். வாளி யாருடைய கையில் இருந்தது என்று கேட்டார்கள்.

அதையும் சொன்னேன்.

யூலை 19
விளக்கமறியல் சிறையில் அப்பாவைப் பார்க்கப் போனோம். இரண்டு பஸ். இரண்டிலும் அம்மா வேறு இருக்கையில் போய் இருந்தார். அப்பா கம்பிக்கு அப்பால் நின்றார், தாடி வளர்ந்திருந்தது. என் பக்கம் பார்க்கவேயில்லை. நேரம் முடிந்தது என்றதும் அம்மாவிடம் கேட்டார்:

“புள்ள சாப்பிட்டுதா?”