பாட்டு முடியுமுன் சொன்னது

லிஸ்பன்
நவம்பர் 9

அன்பு மகள் செலியாவுக்கு,

ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோமே, அப்புறம் இந்தக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மன்னித்துக்கொள். தொலைபேசி இருப்பது கீழே உணவகத்தில், பெரியப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில். அங்கே நின்றுகொண்டு சாப்பிட்டாயா, பனி கொட்டுகிறதா என்பதற்கு மேல் என்னால் எதுவும் பேச முடிவதில்லை. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, டொராண்டோவில் நீயும் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் விரல் வீக்கம் வடிந்துவிட்டது, பழையபடி கித்தார் வாசிக்கிறார். பெரியப்பா உணவகத்துச் சுவருக்கு மஞ்சள் அடித்தார், சமையல் புகையில் அதற்குள் பழுப்பாகிவிட்டது.

சுல்மீரா வந்திருந்தாள். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஜெனீவாவுக்குப் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. வந்தவள் மற்றவர்களைப்போல மேசை ஒன்றைப் பதிவு செய்துவிட்டு, நான் சூப் கொண்டுபோனதும் கையைப் பிடித்து இழுத்து எதிரே உட்காரவைத்துவிட்டாள். உன்னைப் பார்க்கத்தான்டி வந்தேன், நீ பரிமாறுறதைப் பார்க்க இல்ல என்றாள். பெரியப்பா கல்லாவிலிருந்தே, டாக்டரம்மா இன்னைக்கு விருந்தாளி, பாத்திரம் கழுவ யாராச்சும் வாங்கப்பா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நம் வீட்டில் முதல் பட்டம் என்னுடையதுதான், அதைத்தான் டாக்டரம்மா என்று குத்துகிறார். மாலை வகுப்புக்குப் போய் வாங்கி நான்கு வருடமாகிறது. அது மேசைவிரிப்புகளுக்கு அடியில் கிடக்கிறது. இந்த நான்கு வருடத்தில் நான் எழுதியதெல்லாம் வாசல் கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டுப் பட்டியல்தான்.

சுல்மீரா வேலை பார்க்கும் பள்ளியில் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள், நூலகத்துக்கு ஆள் வேண்டுமாம். தங்க ஒரு அறையும் தருகிறார்கள். விண்ணப்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வர்றியா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லு என்றாள். நான் வாயைத் திறக்கும் நேரம் பெரியப்பா விளக்கை அணைத்துக் கதவைத் தாழிட்டார். ஃபாடோ பாட்டு தொடங்கிவிட்டால் நம் உணவகத்தில் முள்கரண்டி கூடச் சத்தம் போடக் கூடாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. பரிமாறுகிறவர்கள் நின்ற இடத்தில் நிற்க, நானும் உப்புமீன் தட்டைப் பார்த்தபடி இருந்தேன். உண்மையைச் சொன்னால், பதில் சொல்லாமல் தப்பித்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. விளக்கு எரிந்ததும் அவள் மறுபடி கேட்டாள். உருளைக்கிழங்கு ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் கொண்டுவரவா என்று எழுந்தேன். உக்காருடி, நீ ஆறிப்போனதை விடவா என்றாள்.

அடுத்த சுற்றில் பாடிய அம்மாள் மெல்லிய குரலில் நிறுத்தி நிறுத்திப் பாடினாள். இருட்டில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிடலாம், அவளைத் தவிர யாருக்கும் கேட்காது என்று கணக்குப் போட்டேன். அப்பாவின் கித்தார் நின்றது. நான் வரேன் சுல்மீரா, என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடு என்று சொல்லிவிட்டேன், சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டுமே என்று குரலை உயர்த்தி. ஆனால் கைதட்டல் வரவில்லை. அது முடிவு இல்லை, செலியா, கடைசி அடிக்கு முன்னால் வாத்தியங்கள் ஓய்ந்து நிற்கும் இடம். கித்தார்க்காரன் மனைவி நான், நான் செய்த தப்பு இது. பாடுகிறவள் கண்களை மூடிக் காத்திருந்தாள். அப்பா தலை நிமிரவில்லை. பிறகு விரல்கள் தந்தியில் இறங்கின, பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள். மூலை மேசையிலிருந்து ஒருவர், டிக்கெட் எடுத்தாச்சாம்மா என்று கேட்டார்.

வீட்டுக்கு மாடியேறும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். இருபத்திரண்டு வருஷமா கேக்குற, நிக்கிற இடம் எது, முடியிற இடம் எதுன்னு இன்னுமா தெரியல என்றார். நான் பேசிய நேரத்தைத்தான் திட்டினார், பேசிய விஷயத்தை அல்ல. அதைப் பற்றி இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. பதினோரு நாளாகிறது. பெரியப்பா புத்தாண்டு விருந்துக்குப் பரிமாறுபவர் பட்டியலில் என் பெயரை வழக்கம்போல் போட்டிருக்கிறார். என் அம்மா காலத்தில் கணவன் எழுதிக் கொடுத்தால்தான் பெண் நாட்டு எல்லையைத் தாண்ட முடியும். இப்போது அதை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் கதவருகே போய் நின்றால் கால் தானாக அடுப்படிக்குத் திரும்புகிறது. விண்ணப்பத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், நேற்றுப் பள்ளியிலிருந்து பதிலும் வந்துவிட்டது. ஜனவரி 4 அன்று சேரவேண்டும். கடிதத்தை மேசையில் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார், நான்காக மடித்துத் திருப்பி வைத்தார். கிறிஸ்துமஸுக்குச் செலியா வர்றால்ல, அவ வந்தப்புறம் பாத்துக்கலாம் என்றார்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே. இருமல் விடவில்லையென்றால் மருத்துவரைப் பார். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இதைக் கேட்கத்தான் இத்தனையும் எழுதினேன். ஒரு தாய் கேட்கக் கூடாததுதான். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வீட்டுக்கு வராதே. நீ வந்து அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டால் நான் போகமாட்டேன்.

உன் அம்மா,
ஒடீலியா