ஆறில் நான்காவது கடிகாரம்

இருமல் இல்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீலசந்திராவில் நம் வீட்டில் அம்மா இன்னும் உன் தலையணையை வெயிலில் போட்டு எடுக்கிறாள். நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் நுரையீரல் கெட்டது முலாம் பூசும் ஷெட்டின் அமிலப் புகையால்தான் என்று தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பீன்யாவில் உன் கம்பெனி வாசலில் மூன்று முறை போய் நின்றேன். "ஈ ஹெசரு நம்ம ரெக்கார்டல்லி இல்லாம்மா" என்று கன்னடத்தில் சொன்னார் ஆபீசில் இருந்தவர். உன் பெயரே அங்கே இல்லையாம். பதினெட்டு வருஷம் விடியற்காலையில் கிளம்பிப் போன ஆள் யார் அப்பா? கான்ட்ராக்டரைக் கேள் என்றார்கள். கான்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை.

அப்போதுதான் உன் கைக்கடிகாரம் நினைவுக்கு வந்தது. டயலில் கம்பெனி பெயர் இருக்கிறதே! கம்பெனியின் வெள்ளி விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். "கம்பெனி கொடுத்ததுதான்னு நிரூபிச்சா நல்ல சாட்சி" என்றார் வக்கீல். கண்ணாடி உடைந்து, ஓடாமல் கிடந்ததை எடுத்துக்கொண்டு, நீ வழக்கமாகப் போகும் சிவாஜிநகர் பாயின் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனேன். எந்த வருஷத்து வாட்ச் என்று எழுதித் தரச் சொன்னேன்.

பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். உடனே சிரித்துவிட்டார்.

"எந்த வருஷம்னு கேக்கறியே பேட்டா, எந்த வாட்ச்னு மொதல்ல கேளு. மெஷின் ஒண்ணோடது, கேஸ் வேற ஒண்ணோடது. டயல் நான் பிரிண்ட் போட்டு வாங்கினது."

"கம்பெனி கொடுத்தது பாய்."

"கம்பெனியா? பர்மனென்ட் ஆளுங்களுக்குத்தான் வாட்ச். உங்கப்பா ஷெட்டுல கான்ட்ராக்ட் ஆளுங்க ஆறு பேர். அவங்களுக்கு லட்டு டப்பா. ஆறு பேரும் ஒரே ஞாயித்துக்கிழமை இங்க வந்து, அதே மாதிரி வேணும்னு நின்னாங்க. இங்க பாரு."

மூடியின் உட்புறத்தில் ரிப்பேர்க்காரர்கள் கீறி வைக்கும் அடையாளம் இருந்தது. பாயின் குறி, பக்கத்தில் நாலு என்ற எண். ஆறில் நீ நான்காவது.

கடை வாசலில் நின்று அழுதேன். மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்றாயே, எந்தக் கையை அப்பா? அமிலம் தின்று நகம் போன அந்தக் கையையா? உன்னை ஆளாகவே மதிக்காதவன் பெயரை அச்சடித்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய். எங்களிடம் சொல்ல உனக்கு என்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவன் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தான்.

பாய் மெயின்ஸ்பிரிங்கை மாற்றினார். பழைய வாட்ச் ஒன்றிலிருந்து பேலன்ஸ் வீலை எடுத்துப் போட்டார். சாவிக் குமிழும் கண்ணாடியும் புதுசு. "டயலையும் மாத்திடட்டா? சுத்தமான ஒரிஜினல் ஒண்ணு இருக்கு. இவன் பேரை எதுக்கு வெச்சிருக்கே?" என்றார்.

மாற்றுங்கள் என்று வாய்வரை வந்தது. ஆனால் ஆறு பேரும் ஒரே ஷெட்டில் இருந்ததற்கு அந்தப் பொய் டயலைத் தவிர என் கையில் வேறு தடயம் இல்லை. "வேணாம் பாய். மத்த அஞ்சு பேர் யாருன்னு சொல்லுங்க" என்றேன்.

இரண்டு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். அடுகோடியில் முருகேசன் மாமா கதவைப் பாதிதான் திறந்தார். "என் பையன் இப்ப அதே கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கான் கண்ணு. என் வாயைக் கிளறாத." கண்டபடி பேசிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தபிறகு வருத்தமாக இருந்தது.

நாகராஜ் மாமா பீன்யாவிலேயே இருக்கிறார். உன் வாட்சைப் பார்த்ததும் உள்ளே போய்த் தன்னுடையதைக் கட்டிக்கொண்டு வந்தார். "இந்த ஐடியாவே உங்கப்பனோடதுதான், திருட்டுப் பய" என்று சிரிக்கப் போனவர் இருமத் தொடங்கினார். உன் இருமல் அப்பா. அதே இழுப்பு, கடைசியில் அதே விசில். தண்ணீர் எடுக்க உள்ளே ஓடியவள், சொம்பு எங்கே என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

"எல்லாம் சொல்றேன் கண்ணு. சீக்கிரம் கூட்டிட்டுப் போ" என்றார்.

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. மாமாவால் படி ஏற முடியாது. நாற்காலியில் உட்கார வைத்து நானும் தம்பியும் தூக்கிக்கொண்டு போவோம். அவருக்கு மூச்சு இருக்கும்போதே அவர் சொல்வதை எழுத வைத்துவிடுவேன். உனக்கு நான் அதைச் செய்யவில்லை அப்பா.

உன் மூத்த மகள்,
கோமதி