ஜன்னலோர மெஷினுக்கு ஒரு பாட்டு

ஜூலை 8

என் ரேடியோவுக்கு,

அக்கா, பல்கலைக்கழக விடுதியில் அறை கிடைத்துவிட்டது. ஒரு கட்டில், ஒரு மேஜை, எத்தனை முறை மூடினாலும் தானாகத் திறந்துகொள்ளும் ஓர் அலமாரி. கூட இருப்பவள் நல்லவள்தான், தூக்கத்தில் மட்டும் ஆங்கிலம் பேசுகிறாள். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உன் கம்பெனி விடுதியில் இன்னும் போனைப் பூட்டித்தான் வைக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று, பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் கேட்க நீ என்னிடம் பேசுவதற்கு, இந்தக் கடிதமே மேல்.

பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன், சிரிக்காதே. மொழியும் இசையும் சேர்ந்து ஒரு சமூகத்தை எப்படி உருவாக்குகின்றன, அதில் ஒருவர் தன்னை இன்னார் என்று எப்படி நினைத்துக்கொள்கிறார் என்பதுதான் பாடம். பேச்சைக் கேட்டே நாம் ஆளை எடைபோட்டுவிடுகிறோம் என்று மேடம் விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து என்னிடம் கேள்வி கேட்டார். நான் வாயைத் திறந்ததும் கடைசி பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். அன்றைய பாடம் அத்துடன் நிரூபணம் ஆகிவிட்டது.

கேள்வி இதுதான்: "உங்க வீட்டுல யார் பாடுவாங்க?" ஒருத்தி பியானோ என்றாள், ஒருத்தி பாட்டு வாத்தியார் வீட்டுக்கே வருவார் என்றாள். எனக்கு வாயில் வந்தது, "எங்க வீட்ல ரேடியோ இருக்கு மேடம்." உன்னைத்தான் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நீ தையல் லைனில் பாடுவாயா? பாட விடுவார்களா? மேடம் அடுத்த மாதம் ஆளுக்கொரு பாட்டைப் பற்றிக் கட்டுரை கேட்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உன்
ஊமைக்கோட்டான்

*

ஜூலை 17

என் ஊமைக்கோட்டானுக்கு,

"எங்க வீட்ல ரேடியோ இருக்கு" என்றாயா! படித்துவிட்டுப் பாயில் உருண்டு சிரித்தேன். பக்கத்துப் பாய்க்காரி, "என்னடி, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றாள். சிரித்த அந்தக் கடைசி பெஞ்சுக்காரியின் அடையாளத்தை எழுது. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

லைனில் பேசத்தான் கூடாது. பேசினால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் மோப்பம். முதலில் மூக்கு வரும், பின்னால் அவர் வருவார். முணுமுணுத்தால் கண்டுகொள்ள மாட்டார். பாடினால் கை வேகமாக ஓடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஓடத்தான் செய்கிறது. எங்கே ஓடுகிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

உனக்கு மட்டும் சொல்கிறேன். சின்ன வயதில் உனக்குச் சோறு ஊட்ட நான் ஒரு பாட்டு கட்டினேனே, "கடைசி வாய் யாருக்கு? கண்ணை மூடுறவளுக்கு" என்று? அதுதான் இப்போது எங்கள் லைன் பாட்டு. வரிசைக் கடைசியில், ஜன்னலோர மெஷினில் ஒருத்தி இருக்கிறாள். இது அவளுக்கு நாலாம் மாதம். தெரிந்தால் "வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள், பிறகு கூப்பிடவே மாட்டார்கள். தொளதொளவென்று சட்டை போட்டுச் சமாளிக்கிறாள். மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டால் அன்றைய டார்கெட் போச்சு. அதனால் மோப்பம் முதுகைத் திருப்பியதும் நான் பாட ஆரம்பிப்பேன். ஆளுக்கு ஒரு பீஸ், தைத்து முடித்தது, மேஜைக்கு அடியில் கைமாறிக் கைமாறி ஜன்னல் வரை போய்ச் சேர்ந்துவிடும். நான் நிறுத்தினால் கைகளும் நின்றுவிடும். இப்போதெல்லாம் யோசிக்கக்கூட வேண்டாம். பாட்டு காதில் விழுந்தால் போதும்.

நீ சாப்பிட அழுத அழுகைக்குக் கட்டின பாட்டு எங்கே வந்து நிற்கிறது பார். இது நமக்குள்ளே இருக்கட்டும்.

ஒழுங்காகச் சாப்பிடு. ஊட்ட நான் இல்லை.

உன்
ரேடியோ

*

ஆகஸ்ட் 19

என் ரேடியோவுக்கு,

அக்கா, நான் பாடினேன். வகுப்பில், எல்லார் முன்னாலும், நின்றுகொண்டு!

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கட்டுரைக்கு நாள் நெருங்கிவிட்டது. எல்லாரும் புத்தகங்களிலிருந்து எழுதினார்கள். மேடம் சொல்லியிருந்தார், ஒரு பாட்டு ஒரு வீடு மாதிரி, தெரிந்தவர்கள் உள்ளே இருப்பார்கள், மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள் என்று. அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து உன் லைன்தான் கண்ணுக்குள் நின்றது. எழுத உட்கார்ந்தேன், கை நிற்கவே இல்லை.

படித்து முடித்ததும் மேடம், "அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு பாடிவிட்டேன். அந்தக் கடைசி பெஞ்சுக்காரி, "இன்னொரு தடவை பாடுறியா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை அக்கா. உண்மையாகவே கேட்டாள். ஒரே நாளில் என் பேச்சு யாருக்கும் வேடிக்கையாக இல்லாமல் போய்விட்டது.

மேடம் அதைப் பதிவு செய்து, கட்டுரையோடு சேர்த்துத் துறையின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார். இந்த வருடத்தின் சிறந்த கள ஆய்வு என்று மேலே எழுதியிருக்கிறது.

நமக்குள்ளே என்று நீ எழுதியது நினைவிருக்கிறது. அதனால்தான் ஒரு பேர்கூடப் போடவில்லை. உன் பேரும் இல்லை, கம்பெனி பேரும் இல்லை. "நகரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு தையல் ஆலை" என்று மட்டும்தான். அதுவுமில்லாமல், அது எனக்காகக் கட்டின பாட்டுதானே?

உன்
ஊமைக்கோட்டான் (இனி இந்தப் பேர் செல்லாது)

*

ஆகஸ்ட் 25

ஊமைக்கோட்டானுக்கு,

அதை எடு. இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே போய் அதை எடுக்கச் சொல்.

நகரத்துக்குத் தெற்கே எத்தனை தையல் ஆலை இருக்கிறது என்று நினைத்தாய்? நாங்கள்தான், வேறு கிடையாது. பேர் போடவில்லையாம். மேஜை, ஜன்னல், சூப்பர்வைசர், பாட்டு எல்லாவற்றையும் போட்டுவிட்டாய். இனிப் பேர் எதற்கு?

ஜன்னலோரத்தவளுக்கு இன்னும் இரண்டு சம்பளம் வாங்கிவிட்டுத் தானாகவே சொல்லிவிட்டுப் போகலாம் என்று கணக்கு. புருஷன் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறான். அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நேற்று பாட்டை எடுக்கவே பயமாக இருந்தது. "என்னக்கா, ரேடியோல பேட்டரி போச்சா?" என்று எதிர் மெஷின்காரி கேட்கிறாள். இங்கேயும் எனக்கு அதே பேர்தான்.

நீ பாடினாய் என்று படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். அதனால்தான் உன்னை முழுசாகத் திட்டக்கூட முடியவில்லை.

எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 30, சனி

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே மேடம் அறைக்குப் போனேன். உள்ளே துறைத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மேடம், "வாங்க வாங்க, இவங்கதான் அந்தப் பாடின பொண்ணு" என்றார். நாற்காலி போட்டார்கள். துறைத் தலைவர் என் ஊரைப் பற்றி, படிப்பைப் பற்றி எல்லாம் கேட்டார். நான் "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. வராந்தாவில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் மறுபடி போனேன். மேடம் வெளியூர் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவாராம். அவருக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். ஏன் எடுக்க வேண்டும் என்று காரணம் எழுத வேண்டுமே. காரணத்தை எழுதினால் அதுவே இன்னொரு சாட்சி ஆகிவிடும். எழுதி எழுதி அழித்தேன்.

திங்கட்கிழமை கட்டாயம் எடுத்துவிடுவேன். வாய் வராவிட்டால் காலில் விழுந்தாவது. அதுவரை பாடாதே அக்கா.

உன் தங்கை

*

செப்டம்பர் 1, இரவு

தங்கைக்கு,

உன்னிடமிருந்து அந்த ஒரு வரி வரவில்லை. இனி அது தேவையும் இல்லை.

இன்று காலை டீ நேரத்துக்கு முன்னால் ஹாலில் ஸ்பீக்கர் கரகரத்தது. ஏதோ அறிவிப்பு என்று நினைத்தோம். பாட்டு வந்தது. முதல் அடியிலேயே உன் குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "கண்ணை" என்ற இடத்தில் சின்ன வயதிலிருந்தே உனக்கு மூச்சு வாங்கும். நன்றாகப் பாடுகிறாய். இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

மோப்பம் ஹால் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் காது பாட்டில் இல்லை, கண் எங்கள் கைகள் மேல் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. "அசையாதீங்கடி" என்று கத்த வாயைத் திறக்கிறேன், என் கையே ஒரு பீஸை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. லைன் முழுக்க அப்படித்தான். பாட்டு ஓடுகிறது, கையும் ஓடுகிறது. பாதி வழியில் அப்படியே பிடிபட்டோம்.

"அடேயப்பா, என்னமா ட்ரெயினிங்!" என்று சிரித்தார் மோப்பம்.

ஜன்னலோரத்தவளை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவளாகவே எழுந்தாள். எழுந்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மதியமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் தோளில் கை வைத்து, "நீங்க என்னக்கா செய்வீங்க" என்றாள். உன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

எங்கள் லைன் மொத்தத்துக்கும் விசாரணை. கூட்டுச் சதி என்று எழுதியிருக்கிறார்கள். சாட்சி உன் கட்டுரை, ஆபீசில் யாரோ இணையத்தில் பார்த்து அச்செடுத்துக் கையில் வைத்திருக்கிறார்கள். பாட்டு ஒரு சைகை என்று அதில் தெளிவாக இருக்கிறதாம். நிரூபணம் ஆனால் எல்லாரும் வெளியே. உன் பேரைப் படித்துக் காட்டி, "இந்தப் பொண்ணு யாரு? உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"தெரியாது சார்" என்றேன்.

உன்னைக் காப்பாற்றச் சொன்னேனா, வெட்கத்தில் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை.

எழுதாதே.

அக்கா

*

செப்டம்பர் 12

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

திங்கட்கிழமை மதியம் மேடத்தைப் பார்த்தேன், அன்றே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். உன் கடிதம் வந்த பிறகுதான், காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

அடுத்த வகுப்பில் எழுந்து நின்றேன். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. "என் கட்டுரைல இருக்கறது பொய். அப்படி ஒரு லைன் இல்ல, அப்படி ஒரு சைகை இல்ல. மார்க்குக்காக நானே கட்டிவிட்டது" என்று சொன்னேன். கடைசி பெஞ்சுக்காரி என்னைப் பார்த்த பார்வை முதல் நாள் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

மேடம் என்னை அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "நான் உங்களை ஒண்ணு கேக்கறேன். கட்டுரை பொய்யா, இல்ல இப்ப சொல்றது பொய்யா?"

"கட்டுரைதான் மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது உங்க பதிவேட்டுல ஏறும். மேல்படிப்புக்கு எங்க போனாலும் கூடவே வரும்."

"கட்டுரைதான் மேடம்."

என் கட்டுரையை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு குழு கூடியது. கற்பனையைக் கள ஆய்வு என்று கொடுத்ததற்காக என்னைத் தோல்வி என்று அறிவித்துவிட்டார்கள். இந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், கட்டுரை பொய் என்று உன் கம்பெனிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுத வேண்டும் என்று. நேற்று எழுதி அனுப்பிவிட்டார்கள். முத்திரையோடு.

மோப்பம் கேட்டால், பீஸ் கீழே விழுந்தது, எடுத்தோம் என்று சொல்லுங்கள். பாட்டு சும்மா பாட்டு.

ஜன்னலோரத்து அக்காவுக்கு நான் என்ன செய்ய முடியும்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ என்னைத் தெரியாது என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. இனிமேலும் அப்படியே சொல்ல வேண்டியிருந்தால் சொல்.

தங்கை

*

ஜனவரி 11

தங்கைக்கு,

செப்டம்பர் கடிதமும் அதற்குப் பிறகு நீ எழுதிய மூன்றும் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் திட்டாகவே வந்தது, கிழித்துப் போட்டேன்.

விசாரணையைக் கைவிட்டுவிட்டார்கள். பல்கலைக்கழகமே பொய் என்று முத்திரை குத்தின பிறகு எதை வைத்து நடத்துவது? எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கை, கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். எதிர் மெஷின்காரி, "யாரோ ஒரு பொண்ணு புளுகி நம்மளை மாட்டிவிட்டா, அவளே வந்து விடுவிச்சும் விட்டா" என்றாள். நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோரத்தவளுக்குப் பெண் குழந்தை. போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அவளிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அந்தக் குழந்தையைத் தூக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் தொட்டில் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "படிக்கறாளா இன்னும்?" என்று கேட்டாள். படிக்கிறாள் என்றேன். குழந்தை அழுதது. பாட்டு என் வாய் வரை வந்தது. பாடவில்லை. தட்டித் தூங்க வைத்தேன்.

ஹாலில் இப்போது முணுமுணுக்கவும் கூடாது. ஜன்னலோர மெஷினுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். சின்னப் பெண், அடிக்கடி கை நடுங்கும். அவளுக்குப் பீஸ் போய்ச் சேர்கிறது. எப்படி என்று கேட்காதே. உன்னிடம் சொல்ல மாட்டேன். கோபத்தில் இல்லை. சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

மறுபடி முதல் வருடம் படிப்பதில் வெட்கப்படாதே. அந்தக் கடைசி பெஞ்சுக்காரி இந்த முறை உன் வகுப்பில் இருக்க மாட்டாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வா. நானும் வருகிறேன். சேர்ந்து சாப்பிடலாம், வேறு ஏதாவது பேசலாம்.

"கடைசி வாய்" பாட்டை இங்கே இனி யாரும் பாடப்போவதில்லை. உனக்காகக் கட்டினதுதானே என்று கேட்டிருந்தாய். ஆமாம். நீயே வைத்துக்கொள்.

அக்கா