சாமல்பட்டியை மட்டும் விட்டுவிட்டு

மத்தியானம் மூக்கண்டப்பள்ளியில் நாலு தூறல் விழுந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தபடி ஓடினார்கள். மண்வாசனை வந்ததுமே நான் வானத்தைப் பார்த்து, போதும் நின்றுவிடு என்றேன். வேறு யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். உனக்குத் தெரியும்.

பூக்கும் சமயத்தில் தண்ணீர் இல்லாமல் எந்தக் காராமணி தாங்குகிறது என்று பார்க்க, சாமல்பட்டியில் ஒரு விவசாயியின் மானாவாரிக் காட்டில் நாம் சோதனை வைத்தோம். சரியாக அப்போதுதான் வானம் வள்ளலாகும். ஒரு மழை போதும், அந்த வருடம் பாழ். ஊரே மழைக்கு ஏங்கும்போது நாம் இருவர் மட்டும் மேகத்தைத் திட்டிக்கொண்டு திரிவோம்.

ஒரு ஞாயிறு, உங்கள் மாதா கோவிலில் மழைக்கான மன்றாட்டை வாசிக்க உன்னையே கூப்பிட்டார்கள். நான் கடைசி பெஞ்சில் சிரிப்பை அடக்கிக் குனிந்திருந்தேன். நீ கணீரென்று வாசித்தாய். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சொன்னாய்: "சாமல்பட்டிய மட்டும் உட்டுட்டுப் பெய்யட்டும்னு மனசுக்குள்ள சேத்துக்கிட்டேன்டி."

இப்போது நீ இல்லை. பாதியில் விட்டுப் போனாயே என்று உன்மேல் கோபம்கூட வருகிறது. நீ கலப்பு செய்து பொறுக்கிய ரகத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இந்தப் போகத்திலும் முடிவு தெரியாவிட்டால் கழித்துவிடலாம் என்று மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். தூறல் நிற்கும் முன்பே அந்த விவசாயிக்குப் போன் போட்டேன். அங்கே பொட்டு மழை இல்லையாம். மற்றதிலெல்லாம் பூ கொட்டிவிட்டது, உன்னுடையதில் மட்டும் பிஞ்சு நிற்கிறது என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்புறம் அவரே மெதுவாக, "உங்க செடி நிக்குதுங்க மேடம். நம்ம ராகிதான் இன்னும் ஒரு வாரம் தாங்காது" என்றார்.

சாயங்காலம் உனக்கான நினைவுத் திருப்பலி. இந்த வருடமும் வறட்சிதான், அதனால் மழை மன்றாட்டும் வந்தது. எல்லோருடனும் நின்று, உன் வார்த்தையையே மனசுக்குள் எடுத்தேன். சாமல்பட்டியை மட்டும் என்பது வரை வந்தது. அதற்கு மேல் அவருடைய ராகிதான் கண்ணில் நின்றது. எல்லோரும் உட்கார்ந்தது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பாதி வேண்டுதல் வாயிலேயே நிற்கிறது. அன்றைக்கு நீ அதை எப்படிச் சொல்லி முடித்தாய்?